பட்டியலில் நாலாவது பெயர்

நிறுத்துங்கள் ஆசாரி. உளியைக் கொஞ்சம் எடுங்கள். கீழே அந்த வரிகளை இன்னும் வெட்டவில்லையே? பென்சில் கோடுதானே? நல்லது. இருங்கள், மூச்சு வாங்குகிறது.

பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓரம். உங்கள் கொட்டகைக்கு முன்னால் கறுப்புக் கல் ஒன்று சாய்ந்து நிற்கிறது, அதில் என் தம்பி பெயர். பாக்கியநாதன். நான் பார்க்கிறேன், பஸ் தாண்டிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வருகிறேன். எனக்கு மூட்டு வலி வேறு.

ஆமாம், கூடப்பிறந்த தம்பிதான். அண்ணன் ஒருவர் இருப்பதாகக் கெத்சீயாள் சொல்லவில்லையா? சொல்லியிருக்க மாட்டாள். கல்லுக்கு ஆர்டர் கொடுத்த அந்தப் பெண்தான் கெத்சீயாள், தம்பி மகள். எனக்கு ஒரு மகள், எமீமாள். வேதத்தில் ஒரு பக்தனுக்குக் கஷ்டமெல்லாம் தீர்ந்தபிறகு மூன்று பெண் குழந்தைகள் பிறக்கிறார்கள். முதல் பெயரை நான் எடுத்துக்கொண்டேன், இரண்டாவதைத் தம்பி எடுத்தான். மூன்றாவது பெயர் கேரேனாப்புக், வாயிலேயே நுழையாது. "ரெண்டு வீட்டிலயும் அதோட நின்னுச்சே, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்பான். அப்படிப் பேசுகிறவன்தான். அது பழைய காலம்.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. 'அண்ணன் ஞானாபரணம்.' மகள், மருமகன், பேரன் என்று போடுகிறீர்களே, அதற்கு மேலேயோ கீழேயோ. இடமிருக்கிறது, பார்க்கிறேன். நாலு விரற்கடை இருக்கிறது. நான் கணக்கு வாத்தியார், கண்ணாலேயே அளந்துவிடுவேன்.

ஆர்டர் கொடுத்தவளைக் கேட்காமல் வெட்ட மாட்டீர்கள். நியாயம். கேளுங்கள். ஆனால் போனை இப்போதே எடுக்காதீர்கள். நீங்கள் அவளிடம் பேசும்போது என் பக்கம் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளைக்கு யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது.

நாங்கள் பேசிக்கொள்வதில்லை. இருபத்தொரு வருஷம். சண்டை என்று சொல்ல முடியாது. நான் சண்டை போடுகிறவன் இல்லை. பேசவில்லை, அவ்வளவுதான்.

எமீமாளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். மின்சார வாரியத்தில் வேலை, நல்ல குடும்பம். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிக்கை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று. இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது வாரம் வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. பெண்ணுக்கு வலிப்பு உண்டு, மறைத்துக் கட்டுகிறார்கள் என்று.

வலிப்பு இருந்தது. ஐந்து வயதில். ஏழு வயதில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நாள் வந்ததில்லை. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா கேட்டபோது என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அந்த ஞாயிறு போதகர் அறிவிப்பு வாசிக்கிறார். பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளி, சபைக் கமிட்டி. பிறகு கல்யாண அறிக்கையை வாசிக்காமல் தாளைத் திருப்பினார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. திருப்பிவிட்டுப் பாட்டு நம்பரைச் சொன்னார். எமீமாள் பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்தாள். எழுந்து பாடினாள். முன்னூறு பேரும் பாட்டைப் பார்க்காமல் அவளைப் பார்க்கிறார்கள்.

யார் எழுதியது? வலிப்பு விஷயம் தெரிந்தவர்கள் எனக்கும் என் மனைவி சொர்ணபாய்க்கும் அடுத்தபடியாக என் தம்பி. அவன்தான் அந்தக் காலத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன். அதை மட்டும் வைத்து நான் சொல்லவில்லை. கடிதத்தின் கடைசியில் ஒரு வசனம் இருந்தது. உண்மை மனுஷனுக்கு விடுதலை தரும் என்கிற கருத்தில் வருகிற வசனம்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் தட்டில் அட்டைகள் வைத்திருப்பார்கள். கவிழ்த்து வைத்திருக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் என்ன வசனம் இருக்கிறதோ அதுதான் அந்த வருஷத்துக்குக் கடவுள் உங்களுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம். பலபேர் சட்டம் போட்டு மாட்டுவார்கள். 'எனக்கு இந்த வருஷம் என்ன வசனம் தெரியுமா' என்று பொங்கல் வரைக்கும் அதே பேச்சு. என் தம்பிக்கு அந்த வருஷம் வந்தது அதே வசனம். பீரோக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தான். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும், சொல்லுங்கள். அவன் பீரோவில் இருந்த வசனம் அந்தக் கடிதத்துக்கு எப்படி நடந்து போகும்?

நேரே போனேன். முற்றத்திலேயே நின்று கேட்டேன், "நீதானல எழுதினது?" என்று. அவனுக்கு என்ன கேட்கிறேன் என்றே புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். "அண்ணே, என்னண்ணே, வேதத்து மேல சத்தியமா..." என்று உள்ளே பைபிளை எடுக்கத் திரும்பினான். "அதைத் தொடாதே" என்றேன். அதுதான் நான் அவனிடம் கடைசியாகச் சொன்னது. யோசித்துப் பார்த்தால் அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. ஊரில் நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, கேட்டவர்களுக்குப் பதில் சொன்னேன். அந்த வருஷம் கமிட்டியிலிருந்து அவனை எடுத்தது கமிட்டிக்காரர்கள். அம்மா இறந்தபோதும் அவனை வராதே என்று நான் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்க நாலு பேர் போதும், ஆள் இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டவர்களிடம் சொன்னேன். அவனாகவே பின்னால் வந்தான். கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்றுகொண்டான். உள்ளே வந்து மண் போட்டிருக்கலாம். யார் தடுத்தது?

போதகர்கள் கேட்பார்கள். எங்களில் திருவிருந்து என்று ஒன்று உண்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவது. மனவருத்தத்தோடு வாங்கக் கூடாது, போய் ஒப்புரவாகிவிட்டுத்தான் வர வேண்டும். ஒரு போதகர் வீட்டுக்கே வந்து, "வாத்தியார், தம்பியோட உங்களுக்கு மனஸ்தாபம்னு சொல்றாங்களே" என்றார். "எனக்கு யாரோடயும் மனஸ்தாபம் கிடையாது ஐயா. நீங்க சொல்லுத ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது" என்றேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போதகர் மாறுவார். மாறுகிறவர் ஒவ்வொருவரும் ஒருமுறை கேட்பார். முதல் வரிசையோடு நான் போய் வாங்கிவிடுவேன். அவன் கடைசி வரிசையில் வருவான். ஒரே பாத்திரம்தான். இருபத்தொரு வருஷமும் அப்படி ஓடிவிட்டது.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் மாசி மாதம் எங்கள் ஊர் மைதானத்தில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார். மனந்திரும்பினேன் என்று வாயால் சொன்னால் போதாது, யாருக்கு என்ன செய்தீர்களோ அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய்ச் சொல்லுங்கள் என்று பேசினார். நல்ல பிரசங்கம். நானே பக்கத்தில் இருந்தவரிடம், இது இந்த ஊருக்குத் தேவை என்று சொன்னேன்.

கூட்டம் முடிந்த மறுநாள். காலை ஆறரை. கதவைத் தட்டுகிறான் தவசிமணி. எங்கள் சபைதான். அரிசிக் கடை. பாடகர் குழுவில் பாடுவான். சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்குச் செயலாளர்.

"அண்ணாச்சி, கதவைத் திறங்க. நான் மனந்திரும்பிட்டேன்."

உள்ளேயிருந்து சொர்ணபாய் கேட்கிறாள், "இந்நேரத்துக்கா?" என்று.

கையில் நாற்பது பக்க நோட்டு. அதில் பெயர்கள் எழுதியிருக்கிறான். பதினொன்று. முதல் மூன்றுக்கு நேரே டிக் போட்டிருக்கிறது. விடியுமுன்பே மூன்று வீட்டை எழுப்பியிருக்கிறான். "மூணு முடிஞ்சிட்டு அண்ணாச்சி. நீங்க நாலாவது" என்றான். என்னமோ அரிசிச் சிட்டை போல.

சொன்னான். கடிதத்தை எழுதியது அவன். அந்த மாப்பிள்ளையைத் தன் அக்கா மகளுக்குப் பார்த்திருக்கிறான். அதுவும் நடக்கவில்லை, அந்தப் பையன் மதுரையில் போய்க் கட்டிக்கொண்டான். சரி, வலிப்பு உனக்கு எப்படித் தெரியும் என்றேன். சொர்ணபாயைப் பார்த்தான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தாள்.

கோயிலில் ஜெபப் பெட்டி ஒன்று இருக்கிறது. கஷ்டமுள்ளவர்கள் துண்டுத்தாளில் எழுதிப் போடுவார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் அதை எடுத்து வாசித்து ஜெபிப்பார்கள். கல்யாணம் பேசுகிற சமயத்தில் இவள் எழுதிப் போட்டிருக்கிறாள். பிள்ளைக்கு அந்த வலிப்பு மறுபடி வந்துவிடாமல் ஜெபிக்கவும் என்று. கீழே பெயரும் போட்டிருக்கிறாள்.

"பேர் போடாட்டா ஆண்டவருக்கு யாருன்னு தெரியாதாக்கும்?" என்று கேட்டேன்.

"ஜெபிக்கவங்களுக்குத் தெரியணும்லா" என்றாள்.

அந்தச் சீட்டைக் கூட்டத்தில் வாசிக்காமல் பையில் போட்டுக்கொண்டிருக்கிறான் இவன்.

நான் கடைசியாகக் கேட்டது வசனத்தைப் பற்றி. அது மட்டும் எனக்கு இடித்தது. "அந்த வசனம் எப்படி வந்துது?" என்றேன்.

"அது அந்த வருஷம் எனக்கு வந்த வாக்குத்தத்தம்லா அண்ணாச்சி. கடுதாசி முடிவுல ஒரு வசனம் போட்டா நல்லா இருக்கும்னு போட்டேன்."

நூறு அட்டை ஒரு கட்டு. நாலு கட்டு வாங்குவார்கள். ஒரு கட்டில் இருபத்தைந்து வசனம்தான் திரும்பத் திரும்ப வரும். அப்படியானால் ஒரே வசனம் பதினாறு வீட்டுக்குப் போகும். முப்பத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்றைக்குத்தான் மனசில் வகுத்துப் பார்த்தேன்.

அழுதான். கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி என்றான். சொன்னேன். ஐம்பத்தெட்டு வயசு ஆள் தரையில் உட்கார்ந்து அழுதால் என்ன செய்வீர்கள்? வாய் சொல்லிவிட்டது. உடனே என் தலையில் கை வைத்து எனக்காக ஜெபம் பண்ணினான். எனக்காக! பிறகு காபி குடித்தான். நோட்டை எடுத்து டிக் போட்டான். முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி இருந்தது.

"அடுத்து உங்க தம்பிட்ட போகணும்" என்று எழுந்தான். அஞ்சாவது பெயர் பாக்கியநாதன்.

நான்தான் வேண்டாம் என்றேன். "நீ போகாத. இது அண்ணன் தம்பி காரியம். நானே போய்ச் சொல்லிக்கிடுதேன்" என்றேன். அது முறைதானே? நான் பேசாமலிருந்தவன், நான்தானே முதலில் போக வேண்டும்? இவன் முந்திக்கொண்டு போய் நடுவீட்டில் உட்கார்ந்து அழுது, ஜெபம் பண்ணி, காபி குடித்துவிட்டு வந்த பிறகு நான் போனால் அதற்கு என்ன மதிப்பு? அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். "சரி அண்ணாச்சி, அஞ்சாவது அப்படியே நிக்கட்டும். நீங்க சொன்னதும் எங்கிட்ட சொல்லுங்க, டிக் போட்டுக்கிடுதேன்" என்று போய்விட்டான்.

கேட்கிறீர்கள், தெரிகிறது. போனேனா என்று.

போக வேண்டும் என்றுதான் இருந்தேன். அப்போது தபசு காலம். நாற்பது நாள் விரதம், துக்க நாட்கள், அது முடிந்து ஈஸ்டருக்குப் போனால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. ஈஸ்டர் அன்று கோயிலில் கூட்டம். மே மாதம் எமீமாள் லீவில் வந்திருந்தாள். கோயம்புத்தூரில் நர்ஸ் சூப்பிரண்டாக இருக்கிறாள். கல்யாணம்? அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளிடம் விஷயத்தைச் சொன்னேன், தவசிமணிதான் எழுதினான் என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா எழுதலைன்னு எனக்கு எப்பமோ தெரியும்பா."

"எப்படித் தெரியும்?"

"கேட்டேன். இல்லன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னிடம் இதை முன்பே சொல்லியிருக்கலாம். ஒருவரும் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை.

ஆனியில் மூட்டு வலி. தம்பி வீடு கோயிலுக்குப் பின்தெருவில்தான், ஆனாலும் இரண்டு ஏற்றம். சொர்ணபாய் தினமும் நச்சரிப்பாள். "மூட்டு வலி, மூட்டு வலின்னு சொல்லுதிய. பென்ஷன் ஆபீசுக்குப் போகும்போது மட்டும் அந்த மூட்டு எங்க போகுது?" அவளுக்கென்ன, அவள் வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்குத் தெரியாமல் அந்த வீட்டுக்கு முறுக்கு கொடுத்து அனுப்பியிருக்கிறாள். பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் கிளம்பினேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை நடந்துகொண்டே தயார் பண்ணினேன். 'ஏய், அது நீயில்லையாம்' என்று ஆரம்பிக்கலாம். சரியாக வரவில்லை. 'தவசிமணி வந்திருந்தான்' என்று ஆரம்பிக்கலாம். அப்படி யோசித்துக்கொண்டு பால் சொசைட்டி முக்குத் திரும்புகிறேன், எதிரே அவனே வருகிறான். கையில் தூக்குவாளி. மெலிந்திருந்தான். என்னைப் பார்த்தான். சிரித்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் முகம் ஒருமாதிரி ஆயிற்று. அவனுக்கும் எனக்கும் பத்தடி. என் கால் தானாகத் தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை ஆசாரி. இருபத்தொரு வருஷம் அப்படி நடந்து பழகிய கால். அவன் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். அந்தத் தெருவில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. கடைசி வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆடி பத்தாம் தேதி அவன் போய்விட்டான். காலையில் பால் வாங்க எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, படுக்கை, ஒன்றுமில்லை. இரண்டு நாள் படுத்திருந்தால் போயிருப்பேன். கட்டாயம் போயிருப்பேன்.

தவசிமணி போன வருஷத்துக்குப் பதில் அதற்கு முந்தின வருஷம் மனந்திரும்பியிருந்தால் இது எதுவும் வந்திருக்காது. அதுதான் எனக்கு அவன்மேல் ஆற்றாமை. இருபத்தொரு வருஷம் சும்மா இருந்துவிட்டு, கடைசி ஐந்து மாதம் இருக்கும்போது கொண்டுவந்து என் மடியில் போடுகிறான்.

அடக்கத்துக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? பெட்டிக்குப் பக்கத்தில் போகத் தோன்றவில்லை, வேப்பமரத்தடியில் நின்றேன். மண் போடும்போது தவசிமணி பக்கத்தில் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. காதோடு கேட்டான், "சொல்லிட்டியளா அண்ணாச்சி?"

நான், "சொல்லிட்டேன்" என்றேன்.

"சந்தோஷப்பட்டாவளா?"

"சந்தோஷப்பட்டான்."

வேறு என்ன சொல்ல முடியும் அந்த இடத்தில்? சுற்றிலும் ஆட்கள். அவன் கையைக் கூப்பி வானத்தைப் பார்த்தான். நோட்டு கொண்டுவந்திருக்க மாட்டான், வீட்டுக்குப் போய் டிக் போட்டிருப்பான். எனக்கும் ஒரு வகையில் பாரம் குறைந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. போனவனுக்கு இனி என்ன தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

அவன் அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்களில் சாட்சி சொல்வது என்று ஒன்று இருக்கிறது. கடவுள் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று சபைக்கு முன்னால் சொல்வது. போன மாதம், விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகை அன்று தவசிமணி மைக்கைப் பிடித்துவிட்டான். தன் பாவத்தைச் சொன்னான், பதினொரு பெயரையும் சொன்னான். கடைசியில், "என் அறிக்கையினால பிரிஞ்சிருந்த ரெண்டு சகோதரர்கள் சாகுறதுக்கு முன்ன ஒப்புரவானாங்க, அண்ணாச்சி தம்பி வீட்டுக்குப் போய்க் கட்டிப்பிடிச்சு அழுதாங்க" என்றான். கட்டிப்பிடித்ததும் அழுததும் அவனாகச் சேர்த்தது. நான் சந்தோஷப்பட்டான் என்று மட்டும்தான் சொன்னேன். சபை முழுக்க அல்லேலூயா. என்னைத் திரும்பிப் பார்த்து ஆளாளுக்குத் தலையாட்டுகிறார்கள்.

கெத்சீயாளும் இருந்தாள். அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தவள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அவளுக்குத் தெரியாதா? பெண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். ஆராதனை முடிந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இவ்வளவுதான் என் பக்கம். இதில் நான் வேண்டுமென்று செய்தது என்று எதையாவது காட்டுங்கள் பார்ப்போம்.

சரி, இப்போது போன் போடுங்கள். ஒரு வரி, 'அண்ணன் ஞானாபரணம்', அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். நாளைக்கு யாராவது கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் இவனுக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்று தெரியட்டும். இல்லை, என்னிடம் கொடுக்க வேண்டாம். நீங்களே பேசுங்கள். நான் இந்தப் பக்கம் நிற்கிறேன்.

என்ன சொன்னாள்?

ரொம்ப நேரம் பேசினீர்களே. அப்படியே சொல்லுங்கள் ஆசாரி, எனக்காக மாற்ற வேண்டாம்.

யார் எழுதியிருந்தது? அவனா?

எங்கே, அந்தத் தாளைக் காட்டுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். ஆமாம். இது அவன் கையெழுத்துதான். 'ன'வைச் சுழித்துக் கீழே இழுப்பான், நான் அடித்தும் திருத்த முடியவில்லை. உயிரோடு இருக்கும்போதே கல்லுக்கு எழுதி வைத்திருக்கிறானா? பைபிளுக்குள் இருந்ததா? பிறந்த தேதியெல்லாம் சரியாகப் போட்டிருக்கிறான். இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறான். பிறகு மகள், மருமகன், பேரன்.

மகளுக்கு மேலே இந்த வரி. சிவப்பு மையில் அடித்திருக்கிறது. அடித்தாலும் வாசிக்க முடிகிறது.

அவள்தான் அடித்தாளா? அப்படியே சொன்னாளா? 'அப்பா பெரியப்பா பேரை முதல்ல எழுதியிருந்தாங்க. அது அப்படியேதான் இருந்துது. பண்டிகை அன்னைக்குக் கோயில்ல இருந்து வந்துதான் அடிச்சேன்.' இதைச் சொல்லும்போது குரல் எப்படி இருந்தது? சும்மாதான் சொன்னாளா.

எப்போது எழுதினான் என்று கேட்டீர்களா? போன வருஷப் பிறப்புக்கா? அப்படியானால் தவசிமணி என்னிடம் வருவதற்கு முன்பே. எழுதியது யார் என்று எனக்கே தெரியாதபோது.

இன்னும் என்ன சொன்னாள்?

நேரில் வரச் சொன்னாளா?

'பேரு வேணும்னா பெரியப்பாவே வந்து கேக்கட்டும். அப்பாகிட்ட என்ன சொன்னாங்க, எப்ப சொன்னாங்கன்னு எங்கிட்ட உக்காந்து சொல்லட்டும். வீடு திறந்துதான் கிடக்கு.'

சரிதான். அவள் கேட்பதில் தப்பில்லை. போகலாம். இங்கிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். போய் உட்கார்ந்து, நான் வரவில்லை, சொல்லவில்லை, கோயிலில் கேட்டது பொய் என்று சொன்னால் முடிந்தது. ஒரு நிமிஷக் காரியம். அந்தப் பிள்ளை சின்ன வயதில் என் சைக்கிள் பாரில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லும். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கும்.

நீங்கள் கல்லை எப்போது கொடுக்க வேண்டும்? சனிக்கிழமையா? ஞாயிறு ஆராதனை முடிந்தால் அவளும் கோயிலிலேயே இருப்பாள், நான்கு பேர் இல்லாத நேரம் பார்த்து... சனிக்கிழமையே வேண்டுமா? நட வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டாளா? இன்றைக்கு என்ன, புதன். இன்றைக்கு இந்த வெயிலில் போய் நின்றால் சொல்ல வந்தது எல்லாம் மறந்துபோகும். நாளைக்குப் போகலாம். நாளைக்குப் பென்ஷன் ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டும், இன்றைக்கு அதற்குப் போகிற வழியில்தான் இங்கே இறங்கிவிட்டேனே. வெள்ளிக்கிழமை போகலாம்.

வெள்ளிக்கிழமைக்குள் வெட்டி முடித்துவிடுவீர்களா.

அப்படியானால் வெட்டுங்கள். அந்தத் தாளில் இருக்கிறபடி வெட்டுங்கள். அடித்ததை விட்டுவிடுங்கள். ஆர்டர் கொடுத்தவள் சொல்வதுதானே உங்களுக்கு. நான் உங்களை ஒன்றும் வற்புறுத்தவில்லை. வந்தேன், கேட்டேன்.

அடுத்த பஸ் எத்தனை மணிக்கு? முக்கால் மணி நேரம் இருக்கிறதா? இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன். உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே.

'மகள்' முடிந்துவிட்டதா? எழுத்துக்குள் பொடி அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஈரத்துணியை இப்படிக் கொடுங்கள்.